மூன்றாம் வகுப்பின் சர்க்கரைக் காவல்

பள்ளிக்கூடத்து சிக் ரூமில் நர்ஸ் வேலை என்றால், வயிற்றுவலி என்று வருகிற பிள்ளையிடம் “இன்னைக்கு என்ன டெஸ்ட்?” என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதுதான் என்று ஆறு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப்போல் பஞ்சும் டிஞ்சருமாகக் காலம் தள்ளுகிற சகோதரிகளே, நீங்களும் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? ஹைதராபாத்தில், திருமுல்கேரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

தண்ணீர் கேட்ட பெண்

மூன்றாம் வகுப்பு கீர்த்தனா நம்ம தமிழ்ப் பெண். அப்பாவுக்கு பாலாநகரில் ஃபேக்டரி வேலை. ஒரு வாரமாக அவள் என் அறை வாசலில் வந்து வந்து நின்றாள். தாகமாக இருக்கிறதாம், காலெல்லாம் வலிக்கிறதாம், ஒன்றுக்கு அடிக்கடி வருகிறதாம். வகுப்பிலிருந்து தப்பிக்க இப்படி ஒரு வழியா என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து விரட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஆளையே காணோம். ஒருநாள் காலை அவள் அப்பா ஒரு டிபன் டப்பாவை என் மேஜையில் வைத்துத் திறந்தார். உள்ளே சோறு இல்லை. இன்சுலின், ஊசி, சர்க்கரை பார்க்கிற மெஷின். எட்டு வயசுப் பெண்ணுக்கு சர்க்கரை நோயாம்! நினைவு தப்பி ஐசியுவில் கிடந்து பிழைத்திருக்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனுஷர் சத்தம்கூடப் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்:

“அஞ்சு வாட்டி உங்ககிட்ட வந்தாளாமே சிஸ்டர்?”

பாகற்காய் வைத்தியம்

பள்ளிக்குள் ஊசி என்றதும் பிரின்சிபால் மேடத்துக்கு வேர்த்துவிட்டது. ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது, நர்ஸ் ஊசியைத் தொடவே கூடாது, பெற்றவர்களே வந்து போடட்டும் என்று சொல்லிவிட்டார். பாவம் அந்த மனிதர், தினமும் பகல் சாப்பாட்டு நேரத்தில் பாலாநகரிலிருந்து ஸ்கூட்டரில் பறந்து வருவார். ஊசி போடுவார், தன் சாப்பாட்டைத் தொடாமலே திரும்பி ஓடுவார்.

ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிட்டார்கள். சின்னப் பிள்ளைக்கு ஊசி இல்லாமல் உயிரே நிற்காது என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் பலனில்லை. கணக்கு டீச்சர் என் தோளைத் தட்டினார்:

“அந்தப் பொண்ணுக்குப் பாகற்காய் ஜூஸ் கொடுக்கச் சொல்லுங்க. நான் ரெண்டு மாத்திரையிலயே சமாளிக்கறேனே!”

பர்த்டே சாக்லேட்

எங்கள் பள்ளியில் பிறந்தநாள் என்றால் கலர் டிரஸ் போட்ட பிள்ளை ஒரு பை நிறைய சாக்லேட்டோடு வரும். வாரத்துக்கு இரண்டு பிறந்தநாளாவது வந்துவிடும். ஒருமுறை ஏமாந்தது போதாதா? இந்தத் தடவை விடுவேனா! மூன்றாம் வகுப்புக்கே நேராகப் போய் நின்றேன். “கீர்த்தனாவுக்கு யாரும் இனிப்பு கொடுக்கக் கூடாது. அவளே எடுத்தாலும் விடாதீங்க. தின்னா ஆஸ்பத்திரிதான்!” மூன்று தடவை கோரஸாகச் சொல்ல வைத்தேன். கீர்த்தனா தலையைக் குனிந்தபடி பென்சில் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஊசி போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கவும் இறங்கும், அப்போது இனிப்புதான் மருந்து என்பது நர்ஸிங் படித்த எனக்குத் தெரியாதா? தெரியும். பிள்ளைகளிடம் அதைச் சொல்லத்தான் தோன்றவில்லை. கிளாஸ் லீடர் சனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்து, தாங்கள் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தாள்:

“டென்ஷன் நக்கோ ஆன்ட்டி, ஹம் தேக் லேங்கே!”

கையும் களவுமாக

பத்து நாள் போயிருக்கும். சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியடில் ஐந்தாறு பேர் கீர்த்தனாவை இரண்டு மாடி இறக்கி இழுத்துக்கொண்டு வந்தார்கள். சனாவின் கையில் ஒரு டாஃபி, பாதி உரித்தபடி. பென்சில் டப்பாவில் ஒளித்துவைத்துத் தின்னப் பார்த்தாளாம், பிடுங்கிவிட்டார்களாம். எல்லார் முகத்திலும் திருடனைப் பிடித்த பெருமை. நானும் என்ன செய்தேன் தெரியுமா? “ஏண்டி, சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அறிவில்ல?” என்று அவள் கையைப் பிடித்தேன்.

ஐயையோ! கை ஜில்லென்றிருந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் எங்கேயோ செருகிக்கொண்டு போகிறது. எழுபதுக்குக் கீழே போகக் கூடாத சர்க்கரை, மெஷினில் நாற்பத்தொன்று காட்டியது. அந்த டாஃபி, சர்க்கரை இறங்கினால் தின்பதற்காக அவள் அப்பா வைத்தனுப்பியது! குளுக்கோஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தேன். தண்ணீரில் கரைத்து, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். நல்ல காலம், விழுங்கினாள். கால் மணி நேரம் கழித்துத்தான் முகத்தில் ரத்தம் ஓடியது. எனக்கு அதுவரை உயிரே இல்லை.

சாப்பாட்டை மிச்சம் வைத்திருக்கிறாள், ஊசி மட்டும் உள்ளே போய்விட்டது. “மயக்கமா வருதுன்னு அவங்ககிட்ட சொல்லக்கூடாதா கண்ணு?” என்று கேட்டேன்.

“சொன்னேன் ஆன்ட்டி. எல்லாரும் உங்களத்தான் நம்புனாங்க.”

மறுநாள்

அவள் அப்பாவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போன் போட்டு அழுதுகொண்டே சொன்னேன். மறுநாள் அதே வகுப்பில் போய் நின்று, “தப்பு என்னோடது. கீர்த்தனா கை நடுங்கினா, வேர்த்தா, மயக்கம்னு சொன்னா, முதல்ல டாஃபியை வாயில போடுங்க. ஒருத்தர் ஓடி வந்து என்னைக் கூப்பிடுங்க” என்றேன். வகுப்பே பேயறைந்த மாதிரி பார்த்தது. அழுது அழுது கண் வீங்கியிருந்த சனா மட்டும் எழுந்தாள். நேற்று வேண்டாம் என்றீர்கள், இன்று கொடு என்கிறீர்கள், நாளைக்கு என்ன சொல்வீர்கள் என்று ஹிந்தியில் கேட்டாள்:

“கல் நக்கோ போலே, ஆஜ் தேவ் போலே. அப் கல் க்யா போல்தே ஆன்ட்டி?”

ஆறு வருஷம் எந்தப் பிள்ளையின் சொல்லையும் நம்பாமல் ஓட்டிய நர்ஸம்மா நான், இப்போதெல்லாம் வயிற்றுவலி என்று பச்சையாகப் புளுகுகிற பயலுக்கும் முதலில் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் என்ன டெஸ்ட் என்று கேட்கிறேன்.