மித்ராவின் டேப்லெட்டில் யார் குரல்?

சென்ற ஞாயிறு காலை, மகளின் தட்டில் இன்னொரு இட்லியை வைக்கப் போனேன். "போதும் லா" என்று ஓர் அதட்டல்.

அதட்டியது என் மகள் மித்ராதான். ஆனால் குரல் அவளுடையது அல்ல. அவளோடு படிக்கும் ஷர்மிளாவின் குரல்.

குழப்பமாக இருக்கிறதா? சொல்கிறேன்.

மித்ராவுக்கு எட்டு வயது. ஆட்டிசம். காது நன்றாகக் கேட்கும், நாம் சொல்வது புரியும், பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. இங்கே மலேசியாவில், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கிறாள். இந்த ஆண்டு முதல் சில பாடங்களுக்கு மற்ற பிள்ளைகளோடு இரண்டாம் ஆண்டு வகுப்பில் உட்காருகிறாள். கையில் ஒரு டேப்லெட். அதில் படம் போட்ட பட்டன்கள். படத்தைத் தொட்டால் அவளுக்காக அது பேசும்.

முதலில் அதில் வந்த தமிழ், செய்தி வாசிப்பது போல இருந்தது. "நான் நீர் அருந்த வேண்டும்"... கிள்ளானில் எந்தப் பிள்ளை இப்படிக் கேட்கும்? விடுவேனா நான்? ஒரு சனிக்கிழமை, சத்தம் புகுந்துவிடக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க எல்லாப் பட்டனுக்கும் என் குரலையே பதிவு செய்தேன். பசிக்குது. தண்ணி வேணும். டாய்லெட் போகணும். கடைசியாக, என் படம் போட்ட பட்டன் — அம்மா.

அதை மட்டும் மூன்று தடவை பதிந்தேன். பாசார் மாலாம் இரவுச் சந்தைக் கூட்டத்தில் எந்தப் பிள்ளை 'அம்மா' என்றாலும் திரும்பிப் பார்க்கிறவள் நான். என்னை இல்லை என்று தெரிந்தும் திரும்புவேன். அந்த ஒரு சொல்லுக்காக இத்தனை வருஷமாக... சரி, விடுங்கள்.

டேப்லெட் பள்ளிக்குப் போனது. கொஞ்ச நாளில் அவளுடைய இரண்டாம் ஆண்டு வகுப்பாசிரியை கோமதி டீச்சர் போன் செய்தார். மித்ரா பட்டனைத் தொடுவதே இல்லை என்றார். தொட்டால் வகுப்பே வாசலைப் பார்க்கிறதாம், ஆன்டி வந்துவிட்டாரா என்று.

"கோச்சுக்காதீங்க அக்கா. எந்தப் பிள்ளைதான் அம்மாவையும் கிளாசுக்குக் கூட்டிட்டு வர ஆசைப்படும்?"

கோபம் வந்தது. நான் வேர்த்து விறுவிறுத்துச் செய்ததை எல்லாம் இப்படி ஒரே வரியில் முடித்துவிட்டாரே... ஆனால் அவர் கேட்டது நியாயம்தான். என் குரலை அழித்துவிடுங்கள் டீச்சர் என்றேன்.

டீச்சர் ஒரு விளையாட்டைத் தொடங்கினார். வகுப்பில் இரண்டு குழு, குழுவுக்கு ஒரு டேப்லெட். டிவி திரையில் கேள்வி வரும். யாரும் வாயைத் திறக்கக் கூடாது. படங்களைத் தொட்டுத்தான் பதில். பேசினால் புள்ளி போச்சு. பேசாமல் இருப்பதில் என் மகளை யாரால் ஜெயிக்க முடியும்? எந்தப் படம் எங்கே இருக்கிறது என்பதும் அவளுக்குத்தான் அத்துப்படி. ஷர்மிளா இருக்கிறாளே, போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுபவரின் மகள், பெரிய வாயாடி. புள்ளிகளை எல்லாம் பேசியே தொலைத்துவிட்டு, மித்ராவின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டாளாம்.

அழித்த பட்டன்களுக்குப் பிள்ளைகளே குரல் கொடுத்தார்கள். கூடவே புதுப் பட்டன்களும் சேர்த்தார்கள். நான் யோசித்தே பார்க்காத சொற்கள். 'என் டர்ன்.' 'ஏமாத்தாதே.' 'ஜோம், வெளையாடப் போலாம்.' 'போதும் லா.'

நான் கொடுத்திருந்தது என்ன? பசி, தண்ணீர், டாய்லெட். எல்லாம் என்னிடம் கேட்பதற்கான சொற்கள். சண்டை போட ஒரு சொல்கூட இல்லை. பெற்றவர்கள் எல்லாருமே இப்படித்தானோ? ஒரு பிள்ளை 'ஏமாத்தாதே' என்று சொல்லவேண்டும் என்றால், முதலில் அந்தப் பிள்ளையை யாராவது ஆட்டத்தில் சேர்த்திருக்க வேண்டும் அல்லவா?

அந்த ஞாயிறு அதட்டல் வாங்கிய சந்தோஷத்தில் டேப்லெட்டை எடுத்து என் படத்தைத் தேடினேன். இருந்தது. தொட்டேன். சத்தம் இல்லை. மறுபடி தொட்டேன். ஊஹூம்.

திங்கட்கிழமை பள்ளி கேட்டில் ஷர்மிளாவைப் பிடித்தேன். என் பட்டனை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"அது யாரும் பண்ணல ஆன்டி. நான் அம்மான்னு சொன்னா அது எங்கம்மாதானே? நீங்க மித்ராவோட அம்மா. அவதான் சொல்லணும்."

சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டாள். நான் காரில் உட்கார்ந்து அழுதேன்.

விஷயம் தெரிந்ததும் டீச்சர், வேண்டுமானால் அதை மட்டும் நீங்களே பேசிப் பதிந்துகொள்ளுங்கள் அக்கா என்றார். மைக் படம் வரை விரல் போனது. அழுத்தவில்லை. என்றைக்காவது அவள் குரல் வந்தால், அதற்கு ஓர் இடம் காலியாக இருக்க வேண்டாமா? வராமலும் போகலாம். அதுவும் தெரியும். தெரிந்தும் இந்த ஆசை போகமாட்டேன் என்கிறதே... என்ன செய்ய?

புதன்கிழமை மாலை தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். எதற்கோ திரும்பினால், சமையலறை வாசலில் மித்ரா. டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என் படத்தைத் தொடுகிறாள். சத்தம் இல்லை. மறுபடி தொடுகிறாள். என் முதுகைப் பார்த்து எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளோ? இதற்கு முன்பும் எத்தனை தடவை இப்படிக் கூப்பிட்டுவிட்டு, நான் திரும்பாததால் போய்விட்டாளோ?

"என்னடா கண்ணு?" என்றேன். அவள் 'பசிக்குது' பட்டனைத் தொட்டாள். யாரோ ஒரு பையனின் குரலில் என் மகளுக்குப் பசித்தது.

மறுநாளே கேஸ் அடுப்பை, நான் வாசலைப் பார்த்து நிற்கிற மாதிரி திருப்பி வைத்துவிட்டேன். இப்போது ஒரு கண் கல்லில், ஒரு கண் வாசலில். தோசை தீய்கிறது என்று வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார்.

தீயட்டும்.