வீரையா மாமாவின் மோட்டார் சத்தம்

வீரையா மாமா போய்விட்டார். இன்று காலை, பிரிஞ்சாங்கில் மகள் வீட்டில். வாட்ஸ்அப்பில் ஒரு வரி, ஒரு பழைய படம், அவ்வளவுதான்.

படத்தில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் எஸ்டேட் ஆட்கள் அந்தக் குதிரையைப் பார்த்தால் இன்றைக்கும் மாட்டுக் கயிற்றை இறுக்கிப் பிடிப்பார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்... எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பதினெட்டு வயது, தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன்.

வீரையா மாமா எஸ்டேட் மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவரும் ஆள். ஈப்போவில் பந்தயம் ஓடிக் கிழடான ஒரு குதிரையை வெள்ளைக்காரத் துரை விட்டுப்போயிருந்தார். அதன் மேல்தான் மாமாவுக்கு வேலை.

அடுத்து வந்த துரை நம்ம ஆள். மாறியது ஒன்றுதான், திட்டு தமிழில் விழுந்தது.

வந்தவுடன் ஓர் உத்தரவு. மேட்டுப் புல்வெளியில் எஸ்டேட் மாடு மட்டும்தான் மேயலாம். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களின் மாடு அங்கே நின்றால் பிடித்து லோரியில் ஏற்றி வெளியே அனுப்பிவிட வேண்டும். பிடிக்க வேண்டியவர் வீரையா மாமா.

காரணம்? எங்கள் மாடு தேயிலையைக் கடிக்கிறதாம். மாடு தேயிலையைத் தின்னாது... அது துரைக்கும் தெரியும். மேட்டு நிலத்தின் மேல் வேறு யாருக்கோ கண் இருந்தது. பிற்பாடு அங்கே கோஸ் தோட்டம் வந்தபோது லயத்தில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

குதிரை பனிமூட்டத்தில் சத்தமில்லாமல் வரும். ஈரப் புல்லில் குளம்பு கேட்காது. அதன் மூக்கு நம் கண்ணுக்குத் தெரியும்போது மாட்டுக் கயிறு மாமா கையில் இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பார்வதி அக்காவின் மாடு அப்படித்தான் போனது. அக்கா லோரிக்குப் பின்னால் மெயின் ரோடு வரை ஓடினார்.

எங்களிடம் இருந்தது ஒரே மாடு, சினையாக. சம்பளத்தில் அரிசி வரும், மற்றதெல்லாம் அந்தப் பாலில். மேட்டை விட்டால் புல்லுக்குப் போக்கிடம் கிடையாது.

அப்புறம் மோட்டார் வந்தது. மூன்று சக்கர வண்டி, பானை மாதிரி உப்பிய டயர். கங்காணி, கணக்கெழுதும் கிராணி எல்லோரையும் நிற்க வைத்து, குதிரை, மோட்டார் இரண்டையும் ஓட்டிக் காட்டச் சொன்னார் துரை.

குதிரை மாடுகளைச் சுற்றி வந்து அலுங்காமல் கொட்டகைக்குக் கொண்டுவந்தது. மோட்டாரைக் கண்டதும் அதே மாடுகள் வாலைத் தூக்கிக்கொண்டு திக்குக்கு ஒன்றாகப் பறந்தன. ஒன்று ஓடைக்குள் இறங்கி நின்றுகொண்டது. நாங்கள் பெண்களெல்லாம் வாய்விட்டுச் சிரித்தோம்.

"எது தேவலாம் வீரையா?"

"மோட்டார்தாங்க தொரை. குதிரைக்குக் கால் நொண்டுது."

"இப்ப நல்லாத்தானே ஓடுச்சு?"

"இப்ப ஓடிருச்சு தொரை. சாயங்காலம் ஆனா நொண்டுதுலா."

துரைக்குப் புது மோட்டார் மேல் ஆசை. நம்பிவிட்டார். எங்கள் சிரிப்புதான் நின்றது.

குதிரை கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்துக்குப் போனது. லோரி ஓட்டும் எங்கள் சித்தப்பா பார்த்துவிட்டு வந்து கத்தினார். "நொண்டியாம்! ஏத்தத்துல என் லோரிகூட போட்டி போடுது!"

ஆக, பொய். எதற்குப் பொய்? மோட்டாரில் விரட்டி மாடு பிடிக்கச் சுலபம் என்று துரையோடு சேர்ந்துகொண்டார் என்றது லயம். குதிரை வீரையா, மோட்டார் வீரையா ஆனார்.

தண்ணீர்க் குழாயடியில் அம்மா நேராகவே கேட்டார். "ஏண்ணே, நாலு காலு பத்தாம மூணு சக்கரத்துல வரப் போறீங்களா?"

"நாலுக்கு மூணு கொறச்சல்தானே தங்கச்சி" என்று போய்விட்டார். அம்மா துப்பினார்.

ஒரு பனிக் காலை. அம்மாவும் நானும் மாட்டோடு மேட்டில். கீழே பாதையில், கோயில் வளைவில் மோட்டார் சத்தம்... நகரவில்லை. அங்கேயே நின்று உறுமிக்கொண்டே இருந்தது.

மாட்டை இழுத்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிக் குனிந்துகொண்டோம். நான் மாட்டின் வாயைப் பொத்தியிருந்தேன். மோட்டார் ஏறி வந்தது. மாமாவுக்குப் பின்னால் துரை உட்கார்ந்திருந்தார்.

"வளைவுல நின்னு என்னய்யா இவ்வளவு சத்தம்?"

"குளிருக்கு இஞ்சின் சூடாவல தொரை. ஏறாது."

"இது யாரு மாட்டுச் சாணி? சூடே ஆறல."

"சாணியில பேரு எழுதலீங்க தொரை."

அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். அழுகையா சிரிப்பா, தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் லயத்திலிருந்து ஒரு மாடும் லோரி ஏறவில்லை. எங்கள் மாடு கிடேரிக் கன்று போட்டது. மோட்டார் தினமும் கோயில் வளைவில் நின்று உறுமியது... வெயில் நாளிலும்.

ஆனாலும் பார்வதி அக்காவின் மாட்டைப் பிடித்ததும் அதே கைதான். அந்தக் குதிரையைத் தள்ளிவிட்டதில் அவருக்கு என்ன கிடைத்தது என்று அம்மா கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார். சாவு வீட்டுக்காக நான் இதை மறைக்கப் போவதில்லை.

போன வருஷம் பிரிஞ்சாங் மார்க்கெட்டில் பார்த்தேன். தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நெசத்தச் சொல்லுங்க. அந்தக் குதிரை நொண்டுச்சா, இல்லையா?"

தக்காளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எந்தக் காலுன்னு தொரையே கேக்கல. நீ கேக்குற பாரு."

நாளைக்கு எடுக்கிறார்கள். நான் போகிறேன். பார்வதி அக்கா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், அவரை யாரும் வற்புறுத்த வேண்டாம்.

போய் வாங்க மாமா. வழியில் வளைவு வந்தால் கொஞ்சம் நின்று சத்தம் கொடுங்க.