புத்தகத்தில் இல்லாத விதி

அறுபத்தொன்றாம் வருஷமோ அறுபத்திரண்டோ, சரியாக நினைவில்லை. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் டிரில் டீச்சராக இருந்தேன். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். நாகல் நகரில் ஒரு வீட்டின் பின்கட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கல்யாணம் ஆகாத பெண் தனியாக வந்து இருந்தால் என்னவெல்லாம் கேட்பார்களோ, அத்தனையையும் முதல் மாதத்திலேயே கேட்டு முடித்துவிட்டார்கள். அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. காலையில் பள்ளிக்கூடம், சாயங்காலம் அறை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றால் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்கும்.

அந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை கூடைப்பந்து. பயிற்சிக் கல்லூரியில் கற்றுக்கொண்டு வந்திருந்தேன். சுற்றுவட்டாரத்தில் பெண்களுக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் மொத்தம் இரண்டு மூன்று பேர்தான். பக்கத்துப் பள்ளிப் பையன்கள் ஆடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பந்தைப் பிடித்திருக்கும் கையில் விரல் பட்டாலே ஃபவுல் என்று கத்துவார்கள். பலகையின் விளிம்பில் பட்டால் அவுட் என்பார்கள். அவர்களுக்கு ஊதுகிற வாத்தியாருக்கும் அதே ஞானம்தான். எனக்கு எல்லாம் தெரியும் என்ற மிதப்பில் நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு ஒரே ஒரு தோழி இருந்தாள். ஆத்தூர் போகிற வழியில் இருந்த விடுதிப் பள்ளியில் அவளும் டிரில் டீச்சர். போட்டிகளில் பார்த்துப் பழகி, பிறகு சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி என் அறைக்கு வர ஆரம்பித்தாள். வரும்போது தோட்டத்துக் கத்தரிக்காயோ அவரைக்காயோ கொண்டு வருவாள். நான் சோறு வடிப்பேன், அவள் அந்தக் காயில் வெஞ்சனம் வைப்பாள். ஊரே என்னை டீச்சர் என்று கூப்பிட்டபோது அவள் மட்டும் “ஏ புள்ள” என்பாள். வாரத்தில் ஆறு நாள் நான் பேசாத பேச்சையெல்லாம் அந்த ஒரு மத்தியானத்தில் பேசித் தீர்ப்பேன்.

நான்கு பள்ளிகள் சேர்ந்து ஒரு போட்டி வைத்தோம். கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். எங்கள் பள்ளியும் அவள் பள்ளியும். ஊத வேண்டியவர் பழனியிலிருந்து வர வேண்டும், வந்து சேரவில்லை. என் பள்ளி ஆடும் ஆட்டத்துக்கு நானே எப்படி ஊதுவது என்று தயங்கினேன். அவள்தான் விசிலை எடுத்து என் கையில் வைத்தாள். “நீயே ஊது புள்ள. ஒன்னைவிட்டா யாருக்குத் தெரியும்?” என்றாள்.

ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. எங்கள் பெண்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள். தோழியின் அணியில் நெட்டையாக ஒரு பெண், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடுவாள். அவள் கூடையைப் பார்த்து எறிந்தாள். பந்து வளையத்திலும் படவில்லை, பலகையிலும் படவில்லை, சும்மா கீழே வந்தது. அவளே பாய்ந்து அதைப் பிடித்து மறுபடி எறிந்தாள். விழுந்துவிட்டது. அவர்கள் பக்கம் ஒரே கூச்சல்.

நான் விசில் ஊதினேன். எறிந்த பந்து வளையத்திலோ பலகையிலோ படாவிட்டால், இன்னொருவர் தொடும் வரை எறிந்தவர் அதைத் தொடக் கூடாது. இதுதான் எனக்குத் தெரிந்த சட்டம். மூன்று வருஷமாக என் பெண்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். கூடை செல்லாது என்று கையை ஆட்டினேன்.

தோழி கோட்டுக்குள் வந்துவிட்டாள். “அப்படி ஒரு ரூலே கிடையாது புள்ள. அவ எறிஞ்ச பந்து, அவளே பிடிக்கலாம்” என்றாள். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் தலைமையாசிரியை பார்த்துக்கொண்டிருந்தார், என் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கிருந்து அத்தனை ரோஷம் வந்ததோ தெரியவில்லை.

“விசில் என் கையில இருக்கு. ரூல் தெரியாதவங்க கோட்டுக்கு வெளியில நில்லுங்க” என்றேன்.

தெரியாதவங்க, நில்லுங்க. நேற்று வரை நீ, வா, போ என்று பேசியவளிடம் இப்படி. அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கோட்டுக்கு வெளியே போய் நின்றாள். நாங்கள் ஒரு புள்ளியில் ஜெயித்தோம். அவள் தன் பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. எனக்கும் வீம்பு, நானும் போகவில்லை. ஆனால் கை மட்டும் பழக்கத்தில் இரண்டு பேருக்கு அரிசி எடுத்துப் போட்டுவிடும். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். தப்பு அவளுடையது, அவள்தான் வர வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். 

அவளிடம் நிரூபித்துக் காட்டிவிட வேண்டும் என்று சென்னையில் ஒரு கடைக்கு எழுதி, ஆங்கில விதிப் புத்தகத்தை வி.பி.பி. தபாலில் வரவழைத்தேன். அந்தப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு அவளுக்கு அனுப்புவதாகத் திட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் தடவை படித்தபோது அந்த விதி கண்ணில் படவில்லை. அவசரத்தில் விட்டிருப்போம் என்று மறுபடி படித்தேன். இல்லை. பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பிரித்துப் பார்த்தேன். மூன்றாம் தடவை ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தேன். இருக்கிற ஒன்றைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் போதும். இல்லாத ஒன்றை இல்லை என்று நம்புவதற்கு எனக்கு ஒரு பகல் முழுக்கத் தேவைப்பட்டது. போதாக்குறைக்கு நடுவர் மேல் பந்து பட்டால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததும் தப்பு.

சாயங்காலம்தான் எனக்கு வேறொரு வேலி நினைவுக்கு வந்தது. பயிற்சிக் கல்லூரியில் கூடைக்குப் பின்னால் சப்பாத்திக்கள்ளி வேலி. எங்களுக்கு இருந்ததோ ஒரே பந்து. குறி இல்லாமல் எறிந்தால் பந்து முள்ளில் போய் விழுந்து புஸ்ஸென்று போய்விடும். அப்புறம் ஒரு வாரம் ஆட்டம் கிடையாது. கண்டபடி எறிவதைத் தடுக்க எங்கள் ஆசிரியை வைத்த கட்டுப்பாடு அது, எதிலும் படாமல் போனால் எறிந்தவள் அந்தப் பந்தைத் தொடக் கூடாது என்று. ஒரு முள்வேலிக்காக வைத்ததை நான் உலகச் சட்டம் என்று நம்பி, திண்டுக்கல் வட்டாரம் முழுக்கப் பரப்பியிருக்கிறேன். விளிம்பில் பட்டால் அவுட் என்ற பையன்களைப் பார்த்துச் சிரித்தவள் நான்.

மறுநாளே பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. இந்த வாரம் பரீட்சை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளினேன். உண்மையில், அவள் முன்னால் போய் எந்த முகத்தோடு நிற்பது என்ற பயம். இரண்டு வாரம் ஓடிவிட்டது.

அதற்குள் நான் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் பயிற்சியில் என் பெண் ஒருத்தி, குறி தப்பிய தன் பந்தை மறதியாகப் பாய்ந்து பிடித்துவிட்டாள். தலைமையாசிரியை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷம் சொன்னதை இப்போது எப்படி மாற்றிச் சொல்வது? தப்பு என்று தெரிந்தே விசில் ஊதினேன். அந்தப் பெண் பந்தைக் கீழே வைத்துவிட்டு, “மன்னிச்சுக்கங்க டீச்சர், மறந்துட்டேன்” என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினேன்.

விடுதி மைதானத்தில் நெட்டைப் பெண்ணும் இன்னும் நாலைந்து பேரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

“ஒங்க டீச்சர் எங்கம்மா?”

“திங்கக்கெழம மாத்தலாகிப் போயிட்டாங்க டீச்சர். ராமநாதபுரம் பக்கம்னாங்க” என்றாள் நெட்டைப் பெண்.

ஐந்தே நாள். கையில் விதிப் புத்தகத்தோடு அந்த வெயிலில் நின்றேன். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு அந்தப் பெண்களையே சுற்றி உட்கார வைத்து, நான் ஊதியது தப்பு, அப்படி ஒரு விதியே இல்லை, உங்கள் டீச்சர் சொன்னதுதான் சரி என்று சொன்னேன். 

நெட்டைப் பெண் கேட்டாள். “அப்ப அன்னைக்கு நாங்கதான் ஜெயிச்சோமா டீச்சர்?”

“ஆமா, நீங்கதான்.”

அவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “அன்னைக்கு பஸ்ஸுல நாங்க எல்லாரும் ஒங்கள வஞ்சோம் டீச்சர். எங்க டீச்சர்தான் வைய விடல. ‘அவளுக்கு அந்த ஊர்ல யாருமே இல்ல. இந்த ஆட்டம் ஒண்ணுதான் இருக்கு. அதுலயும் போயி அவளத் தோக்கடிக்கணுமா? எதுத்துப் பேசாதீங்க’ன்னாங்க. அதனால நாங்க இப்பவும் ஒங்க ரூல்படிதான் ஆடுறோம்.”

 என் தனிமை எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவள் அதைப் பார்த்திருக்கிறாள். பார்த்ததனால்தான் சண்டை போடாமல் கோட்டுக்கு வெளியே போய் நின்றிருக்கிறாள்.

அவர்கள் பள்ளி அலுவலகத்தில் புது விலாசம் வாங்கி அன்றைக்கே கடிதம் எழுதினேன். தெரியாமல் ஊதியதையும் எழுதினேன், தெரிந்து ஊதியதையும் எழுதினேன். பதில் வரவில்லை. பொங்கலுக்கு இன்னொரு கடிதம். அதற்கும் இல்லை. அடுத்த வருஷம் எனக்கும் மாற்றல் வந்துவிட்டது. அதன் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ மைதானம். விதி எதிலும் பிசகாமல் ஊதினேன். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட எந்த ஊரிலும் ஒருத்தி வாய்க்கவில்லை.

கோபத்தில் அவள் பதில் போடாமல் இருந்திருந்தால், அது எனக்கு வேண்டியதுதான் என்று ஏற்றுக்கொள்வேன். கடிதம் அவள் கைக்கே போய்ச் சேராமல், நான் கடைசி வரை ஒப்புக்கொள்ளவே இல்லை என்று எண்ணிக்கொண்டு அவள் இருந்துவிட்டாளோ என்று நினைக்கும்போதுதான் இந்த வயதிலும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.