சேகர் அண்ணனுக்கு ஏரிக்கரையில் நான் சொன்ன பதில்

சேகர் அண்ணன் இன்று காலை போய்விட்டார். பாகான் டாலாம் வீட்டிலிருந்து அவர் மனைவி, எங்கள் எல்லாருக்கும் அக்கா, போன் செய்தார். நாளை மதியம் எடுக்கிறார்கள்.

எண்பதுகளில் பாயான் லெப்பாஸ் சிப் ஃபேக்டரியில் அண்ணன் என் சீனியர் டெக்னீஷியன். கேன்டீனில் யார் தட்டிலும் உரிமையோடு கை வைப்பார்... கோபித்துக்கொண்டவர் யாரும் இல்லை.

லீவு நாளில் டைவிங். தண்ணீருக்குள் எது விழுந்தாலும் அண்ணனைத்தான் தேடி வருவார்கள்.

அந்த ஞாயிறு ஒரு மலாய்க்கார மீனவர் வந்தார். காட்டைத் தாண்டி, கடற்கரையை ஒட்டிய ஏரியில் அவர் படகு மோட்டார் விழுந்துவிட்டதாம்.

மேலே நல்ல தண்ணீர், அடியில் கடல் தண்ணீர், இரண்டும் கலக்காத விசித்திரமான ஏரி. அடித்தண்ணீரில் விஷவாயு கரைந்து கிடக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னது?

அண்ணன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி நான் கரையில். அண்ணன் சேற்றைக் கிளறக் கிளறக் குமிழிகள்... கூழ்முட்டை நாற்றம்.

ஒரு தடவை மேலே வந்து, "நாத்தம் தாங்கல தம்பி. அது போனதும் சொல்லு லா," என்றார்.

அடுத்த தடவை வந்தபோது வாயிலிருந்த காற்று சிலிண்டர் குழாயை எடுக்கவில்லை. மூக்கைத் தொட்டு சைகையால் கேட்டார்.

நன்றாக முகர்ந்து பார்த்தேன். "ஒன்னும் இல்லண்ணே, கிளியர் லா."

ஃபேக்டரியில் எங்களுக்குப் பழகியது அதுதான். கெமிக்கல் வாடை அடித்தால் ஓடு, அடிக்காவிட்டால் வேலையைப் பார்.

குழாயை எடுத்தார். ஒரே மூச்சு. அப்படியே முகம் குப்புற...

எனக்கும் தலை சுற்றியது. மீனவரும் நானும் கயிற்றைப் பிடித்து எப்படி இழுத்தோமோ, தெரியாது.

அந்த வாயு மூக்கை மரத்துப்போக வைத்துவிடும் என்று டாக்டர் பிறகு சொன்னார். நாற்றம் போகவே இல்லை. என் மூக்குதான் போயிருந்தது.

அண்ணன் பிழைத்தார். கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. முடியை விட மெல்லிய தங்கக் கம்பியை சிப்பில் ஒட்டியவர், சட்டைப் பட்டன் போட அக்காவைக் கூப்பிட்டார். ஃபேக்டரி வேலையும் போனது.

தீபாவளிக்குப் போகும்போதெல்லாம் "என்னாலதாண்ணே..." என்று ஆரம்பிப்பேன். "முறுக்கு எடு தம்பி, அக்கா சுட்டது," என்று பேச்சை மாற்றிவிடுவார். நானும் ஒன்றை எடுத்துக்கொள்வேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் அவரால் பேச முடியவில்லை. கண் மூடியிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு முதல் முறையாக முழுசாகச் சொல்லி முடித்தேன், மன்னிப்பும் கேட்டேன்.

காதில் விழுந்ததா அண்ணே...

தெரியவில்லை. போய் வாருங்கள்.