வெளியாள் முன்னால் தராசில் ஏறாத பிள்ளைகள்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் சிரிப்பார்கள் என்று திருத்தி எழுதுகிறாள். சிரிக்கட்டுமே, நான் சிரிக்காத சிரிப்பா?

வில்லாபுரத்தில் எங்கள் சந்தில் ஒரு அங்கன்வாடி இருக்கிறது. எனக்கு வாயில் வருவது பால்வாடிதான். பேரனை அங்கே விட்டால்தான் மகள் ஜவுளிக்கடைக்குப் போக முடியும், நான் மெஸ்ஸுக்கு மாவாட்டப் போக முடியும். மாவு என்றதும் சொல்லத் தோன்றுகிறது, என் கைப்பதத்துக்கு இட்லி பூவாக வரும். மெஸ்காரரைக் கேட்டால் கிரைண்டர்தான் காரணம் என்பார். அது கிடக்கட்டும்.

பால்வாடி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க மேலிருந்து ஆள் வருவதாக ஒருநாள் டீச்சர் சொன்னார். பிள்ளைகள் குறைவாக இருந்தாலோ, வளர்த்தி போதவில்லை என்றாலோ, பைபாஸுக்கு அந்தப் பக்கத்துப் பால்வாடியோடு சேர்த்துவிடுவார்களாம். லாரி ஓடுகிற அந்த ரோட்டை நான் தனியாகத் தாண்டவே சாமியைக் கும்பிட வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் எப்படிப் போவேன்? மகள் வேலையை விட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

வந்தது ஒரு இளம்பெண்ணும் ஒரு ஆளும். தராசு, உயரம் அளக்கும் பலகை, படம் போட்ட அட்டை எல்லாம் இருந்தன. அன்று ஆயா லீவு என்பதால் உதவிக்கு நான் நின்றேன். பாயில் பாதிக்கு மேல் காலி. உட்கார்ந்திருந்த நாலைந்தும் ஓமக்குச்சிகள், அதில் என் பேரனும் ஒருத்தன்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. டீச்சர் மாதாமாதம் எடை பார்ப்பதை எங்கள் சந்தில் யாரும் தப்பாக நினைப்பதில்லை, அவர் எங்கள் ஆள். முகம் தெரியாதவர்கள் தராசில் ஏற்றி, இத்தனை கிலோ என்று வாய்விட்டுச் சொன்னால் கண்ணு பட்டுவிடும். அதனால் கொழுகொழுவென்று இருந்ததையெல்லாம் வீட்டில் ஒளித்துவிட்டு, கண்ணுபட ஒன்றுமில்லாததுகளை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்தாள். டீச்சர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. வெளியே ஓடினேன்.

எதிர்வீட்டுக்காரி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"பிள்ளையக் கொண்டாத்தா, பால்வாடிய மூடிருவாக."

"போங்க பெரியம்மா. ஊசி போட வந்தவ எம்புட்டு வெயிட்டுன்னு வாயப் பொளந்தா, ராவெல்லாம் காய்ச்சல். ஒங்க பேரன்ட்ட கண்ணு வைக்க எலும்பத் தவிர என்ன இருக்கு?"

வேறு நாளாக இருந்தால் சந்தே நாறியிருக்கும். அன்று சண்டை போடக்கூட மூச்சில்லை. அடுத்த வீட்டில் ஆளே இல்லாத மாதிரி கதவைச் சாத்தியிருந்தார்கள், உள்ளே பிள்ளை டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தால் தராசைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அழுதேன் என்று மகள் எழுதச் சொல்கிறாள். சரி, அழுதேன்.

"எங்கம்மாவும் இப்படித்தான் அம்மாச்சி, நமக்குச் சொந்த ஊரு சோழவந்தான்தான். ஆனா நான் பாக்காத பிள்ளைய எழுத முடியாது."

"பாரு தாயி, பாத்தே எழுது. வாயால மட்டும் சொல்லிராத."

கூட வந்த ஆள் வாட்சைப் பார்த்தார். அவள் தராசை எடுத்துக்கொண்டு அரிசி மூட்டை அறைக்குள் போனாள். ஒரு நேரத்தில் ஒரு தாய், ஒரு பிள்ளை, அவள், வேறு யாரும் உள்ளே இருக்க மாட்டார்கள் என்று ஏற்பாடு. இந்தச் சேதியோடு மறுபடியும் வீடுவீடாக ஓடினேன். எதிர்வீட்டுக்காரி முதலில் வந்தாள், பிள்ளையின் கன்னத்தில் மைப்பொட்டு ஆரஞ்சுச் சுளை அளவுக்கு. அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்ததைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள். உள்ளே இருந்த பெண் நான் கேட்டுக்கொண்ட மாதிரியே எடையை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மூடுவதும் மூடாததும் தன் கையில் இல்லை என்று போகும்போது சொன்னாள். அதற்கப்புறம் எந்தச் சேதியும் இல்லை. தினமும் சந்து முனை திரும்பும்போது கதவில் பூட்டுத் தொங்குகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். பகலெல்லாம் மாவில் உப்புப் போட்டேனா என்று சந்தேகம்.

போன வாரம் அங்கே ஒருத்தர் பெயிண்ட் டப்பாவோடு சுவரில் யானை வரைந்துகொண்டிருந்தார். மூடப்போகிற இடத்துக்கு யார் யானை வரைவார்கள்? டீச்சரைப் பார்த்தேன். பைபாஸ் பால்வாடியோடு சேர்க்கவில்லையாம் என்றார். நாங்கள் இரண்டு பேரும் பேசி முடிப்பதற்குள் பேரன் காயாத யானையைக் கட்டிப்பிடித்துவிட்டான். சட்டை முழுக்க நீலம். அன்று அவனை நான் வையவே இல்லை.