அக்கரையிலிருந்து வந்த பதில்

வனக்காவலர் முகாமில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. தவளைக்காரர் என்பார்கள். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் அழைப்பாள். அவளுக்கு அடிக்கடி கோபம் வரும்.

மழைக்காட்டு ஓடை ஒன்றின் இரு கரையிலும், வெயில் விழாத பாறை இடுக்குகளில், கட்டைவிரல் நகமளவு தவளை ஒன்று வாழ்ந்தது. வேறெந்தக் காட்டிலும் கிடையாது. ஓடைக்கு மேல் தொங்கும் இலையில் பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஈரம் காயாமல் காவல் காக்கும். அதைக் கண்ணால் பார்ப்பது குதிரைக்கொம்பு. அதனால் அந்தி சாயும்போது தவளைக்காரர் இரண்டு கூழாங்கற்களை எடுத்து டிக் டிக் என்று தட்டுவார். போட்டிக்கு வேறொரு ஆண் வந்துவிட்டதென்று நினைத்து அதுவும் டிக் டிக் என்னும். தண்ணீர் இரைச்சலில் கல் எது, தவளை எது என்று பிரித்தறிவது யாராலும் ஆகாது.

மழை பொய்த்த வருடம் இலைகளெல்லாம் சுருண்டன. பதில் நின்றுபோனது. அவர் விடாமல் தட்டினார். அந்த மௌனம் வீடுவரை கூடவே வந்தது. சாப்பிடும்போதும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். முகாமில் கேலி செய்தார்கள்.

அடுத்த மழையில் ஒருநாள், அக்கரையிலிருந்து டிக் டிக். அவர் அழுதேவிட்டார். செங்குத்தான பள்ளத்தில் ஓடும் ஓடையைக் கடந்து போய்ப் பார்க்க வழியில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் பதில் வந்தது. "ஒண்ணாவது உசிரோட இருக்குடி," என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

அவளுடைய தம்பியும் வனக்காவலன்தான். மரம் வெட்டுகிறவர்களைப் பிடிக்க எதிர்ச்சரிவுக்கு மாற்றலாகிப் போயிருந்தவன், விடுப்பில் வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

"அத்தான், உங்க தவளை எங்கேயும் போகலை. உங்களை மாதிரியே நானும் கல்லைத் தட்டிப் பார்த்தேன். உங்க கரையிலிருந்து தினமும் பதில் சொல்லுது."

தவளைக்காரரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"எப்போலேருந்து தட்டறே?"

"அங்க போனதிலேருந்து. போன மழைக்கு."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கும் விளங்கிவிட்டது. முகம் செத்துப்போயிற்று.

"திரும்பிப் போனதும் நீ தட்டாதே," என்றார் அவர். "நான் மட்டும் தட்டிப் பாக்கறேன்."

"சரி அத்தான்."

அவன் போன மறுநாள் அந்தியில் ஓடைக்கரையில் உட்கார்ந்து தட்டினார். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினார். இத்தனை நாளும் செத்துப்போன தவளையோடு பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தோமோ என்று தோன்றியது. கற்களைக் கீழே போடப் போனார். அப்போது அக்கரையில் டிக் டிக்.

தட்டத் தட்டப் பதில் வந்தது. வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து, "இருக்குடி, நிஜமாவே இருக்கு," என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மைத்துனன் மலையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"நேத்து தட்டினது நான்தான் அத்தான். இருட்டுற நேரத்துல உங்க கல்லு மட்டும் தனியாக் கேட்டுச்சு. மனசு கேக்கலை."

திட்டத்தான் வாயெடுத்தார். உள்ளே மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். அவளுக்குக் கேட்காத குரலில் அவனிடம் கேட்டார்:

"இன்னிக்கும் தட்டுவியா?"