சகாயமேரி டீச்சரும் கல்லறைத் தோட்டத்துச் சின்ன வாசலும்

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டிக்காக நின்றிருந்தபோது எங்கள் தேவாலயப் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. சகாயமேரி டீச்சர் காலமாகிவிட்டார். முந்தின நாள்தான் அதே குழுவில், தேர் அலங்காரத்துக்கு வாங்கிய சீரியல் பல்புகளில் பாதி எரியவில்லை என்று யாரையோ வறுத்தெடுத்திருந்தார். விழுப்புரத்து வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு, ஒலக்கூர் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பினேன்.

அவர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் கட்டடப் பொறியாளன். பங்குப் பேரவையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவர் பேச எழுந்தால் சிலர் கைபேசியை எடுத்துப் பார்ப்பார்கள். அதைக் கண்டதும் அவர் குரல் இன்னும் உயரும்.

எங்கள் கல்லறைத் தோட்டத்து வாசல் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வெள்ளைக்காரச் சாமியார் காலத்தில் எழுப்பியது. நடுவில் அகலமான வளைவு, இரு பக்கமும் உருண்டைத் தூண்கள், உச்சியில் சிலுவை. வளைவுக்கு இடப்பக்கம், அதே சுவரில், குனிந்து நுழையும்படி ஒரு சின்ன வாசல். அதற்கு வளைவு கிடையாது. மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள், அவ்வளவுதான். பெரிய வாசல் எங்கள் சாதிக்காரர்களின் சவப்பெட்டிக்கு. சின்ன வாசல் காலனி மக்களுக்கு. டீச்சர் காலனியில் பிறந்தவர்.

அவருடைய அம்மா இறந்த அன்று நான் கூட்டத்தில் நின்றேன். பெரிய வாசலில் பூட்டு தொங்கியது. டீச்சர் பெட்டியை அதன் முன்னால் இறக்கிவைக்கச் சொன்னார். ஊர்ப் பெரியவர்கள் வந்து கத்தினார்கள், கெஞ்சினார்கள். டீச்சர் அழுதுகொண்டேதான் பதில் சொன்னார்: “சாவி வர்ற வரைக்கும் எங்கம்மா இங்கியே இருக்கட்டும். அவங்களுக்கு இன்னா அவசரம்?” கடைசியில் பங்குத்தந்தையே சாவியோடு வந்து திறந்துவிட்டார். அன்றிலிருந்து எல்லாப் பெட்டிக்கும் பெரிய வாசல்தான்.

பல வருடம் கழித்து வாசலைப் பழுதுபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. பேரவைத் தலைவர் தேவராஜ் அண்ணன், சின்ன வாசலை அடைத்துப் பூசிவிடலாம் என்றார். “அது தோட்டக்காரன் வாசல் சார். இப்ப எதுக்கு?” அதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கூச்சம் இருந்தது. எனக்கும்தான் இருந்தது.

டீச்சர் அவித்த வேர்க்கடலையோடு, எங்கள் பேச்சில் மல்லாட்டையோடு, வேலை நடக்கும் இடத்துக்கு வந்தார். என் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, “ரெண்டு வாசலும் ஒரே காலத்துக் கல்லா, பாத்து சொல்லுங்க” என்றார். பார்த்தேன். ஒரே அளவுச் செங்கல், ஒரே சுண்ணாம்பு, வரிசை பிசகாமல் ஓடியது. பின்னால் உடைத்து வைத்த வாசல் அல்ல. கட்டும்போதே யோசித்துக் கட்டியது.

அவர் கொத்தனார்களைக் கூப்பிட்டார். ஆறு பேரைச் சாரப் பலகையைத் தோளில் தூக்கச் சொல்லி, சின்ன வாசல் வழியாகப் போகச் சொன்னார். வாசலண்டை வந்ததும் வேறு வழியில்லாமல் நடுவில் பக்கத்துக்கு இருவராக இருந்த நாலு பேர் விலகிக்கொண்டார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், பலகை ஒருபக்கம் சாய்ந்தது.

“எங்கப்பா பெட்டி இப்படித்தான் சாஞ்சிக்கினு போச்சு. நாலு பேரு கையை எடுத்த எடம் இதான்” என்றார் டீச்சர். தேவராஜ் அண்ணன் மல்லாட்டையை உரித்தபடி நின்றவர், உரிப்பதை நிறுத்திவிட்டார். டீச்சர் அவரிடம் திரும்பினார்: “அடைச்சிட்டா, நாளைக்கி எம் பேத்தி கேட்டா நான் எதைக் காட்றது? தொறந்தே கெடக்கட்டும்ணா. யாரும் போவ வேணாம், பாத்தா போதும்.”

பேரவையில் மூன்று கூட்டம் சண்டை நடந்தது. டீச்சர் விடவில்லை. சின்ன வாசல் பிழைத்தது. பெரிய வளைவுக்குச் செய்த அதே சுண்ணாம்புப் பூச்சை அதற்கும் செய்தேன். வேலை முடிந்த அன்று வந்து பார்த்துவிட்டு, “பரவால்ல சார், வளைவா இருக்கறதை மட்டும்தான் ஒழுங்கா பண்ணுவீங்கன்னு நெனச்சேன்” என்றார். அவரிடமிருந்து நான் பெற்ற ஒரே நற்சான்றிதழ் அது.

அடக்கத்தன்று காலனியும் ஊரும் கலந்து பெட்டியைத் தூக்கினோம். பெரிய வளைவுக்குள் ஒருவரும் விலகாமல் நுழைந்தோம். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால், தேவராஜ் அண்ணன் கூட்டத்தோடு வரவில்லை. இடுப்பு வலிக்காரர், தனியாகச் சின்ன வாசலில் குனிந்து, உடம்பை ஒருக்களித்து, கல்லைப் பிடித்துக்கொண்டு நுழைந்துகொண்டிருந்தார். கைகொடுக்க ஓடினேன். தோளில் ஒட்டிய சுண்ணாம்பைக்கூடத் தட்டிவிடாமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: “வெறும் ஆளுக்கே முடியலியே. பெட்டியோட எப்படிப்பா வந்தாங்க?”

டீச்சர் காதில் விழுந்திருக்க வேண்டிய வார்த்தை. கொஞ்சம் முந்திப் போய்விட்டார்.

அவரை அறிந்த ஒவ்வொருவரிடமும் அவர் கொடுத்துப்போன ஏதாவது இருக்கும். என்னிடம் இருப்பது இது: யார் வீட்டுக்கு வரைபடம் போட்டாலும், வாசலுக்குக் கோடு இழுக்கும்முன் அந்த ஆறு பேரை மனதுக்குள் நடக்கவிடுகிறேன். நடுவில் இருக்கும் நாலு பேரும் கையை எடுக்காமல் உள்ளே வந்த பிறகுதான் அளவை எழுதுகிறேன். நன்றி, டீச்சர்.